வெள்ளிக் காசில் ஒரு தீவு

அட்சய திருதியைக்கு முதல் நாள் தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டையிலும் நகைக்கடைகளில் நிற்கும் கூட்டத்துக்கு வெள்ளிக் காசு என்றால் லட்சுமி காசுதான். பத்து கிராம் அல்லது இருபது கிராம் இருக்கும். ஒரு பக்கம் லட்சுமி, மறுபக்கம் கடையின் முத்திரை. அதை யாரும் நாணயமாக நினைப்பதில்லை. காசு வடிவத்தில் வார்த்த வெள்ளி, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு இப்போது இன்னொரு வகை வெள்ளிக் காசும் வந்து சேருகிறது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, மேலே பிளாஸ்டிக் கூடு, கூடவே சில சமயம் ஒரு சான்றிதழ் அட்டை. ஒரு பக்கம் பிரிட்டிஷ் ராணி அல்லது அரசரின் தலை. மறுபக்கம் ஒரு பறவை, ஆமை அல்லது பல்லி. சிட்னியிலிருந்து மகன் கொண்டுவந்தான், ஆக்லாந்திலிருந்து மருமகள் அனுப்பினாள் என்பார்கள். பெரியவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்பார்கள். இது செல்லுமா? உருக்கினால் எவ்வளவு தேறும்? வைத்திருந்தால் விலை ஏறுமா?

மூன்றுக்கும் இந்தக் கட்டுரையில் பதில் இருக்கிறது. அவற்றுக்கு முன்னால் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். காசில் இருக்கும் அந்த உயிர் எந்தத் தீவைச் சேர்ந்தது? காசை வெளியிட்ட நாடும் அதுதானா? இதற்குப் பதில் தெரிந்தால் கையில் இருப்பது எப்படிப்பட்ட காசு என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

நான்கு பறவை, ஒரு காசு

தமிழருக்கு நெருக்கமான தீவு மொரிஷியஸ். 18-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் அங்கே போனார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரம் பேர் போனார்கள். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்களும் உண்டு. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மீண்டும் அச்சிட வேண்டி வந்தது.

அந்த நாடு 1975-இல் ஐம்பது ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதில் இருப்பது மொரிஷியஸ் வல்லூறு. புறாவை விடச் சிறிய வேட்டைப் பறவை, காட்டு மரங்களில் ஓடும் பச்சைப் பல்லிகளைப் பிடித்துத் தின்று வாழ்வது. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கரும்புக்காகக் காடு அழிந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த கீரியும் பூனையும் எலியும் குரங்கும் கூடுகளைச் சூறையாடின. மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. முட்டை ஓட்டை மெலியச் செய்தது. 1974-இல் கணக்கெடுத்தபோது காட்டில் தெரிந்தவை நான்கே பறவைகள். உலகிலேயே மிக அரிய பறவை என்று அன்று அதைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு நாணயம் வந்தபோது, காட்டில் பறந்த பறவைகளை விடப் பல மடங்கு அதிகமாக வெள்ளிப் பறவைகள் உலகத்துச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த நாணயம் தனியாக வந்ததல்ல. உலக வனஉயிர் நிதியமும் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமும் சேர்ந்து 1974-இல் தொடங்கிய நாணய வரிசையில் அதுவும் ஒன்று. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. பிரிட்டனின் ராயல் மிண்ட் அச்சடித்தது. ஒவ்வொரு நாடும் பெரும்பாலும் இரண்டு வெள்ளி, ஒரு தங்கம் வெளியிட்டது. விற்பனையில் ஒரு பகுதி பாதுகாப்புப் பணிகளுக்குப் போனது. மொரிஷியஸின் இருபத்தைந்து ரூபாய் வெள்ளியில் அந்தத் தீவுக்கே உரிய ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. இந்தோனேசியா 1974-இல் இரண்டாயிரம் ரூபியா வெள்ளியில் ஜாவாப் புலியையும், ஐயாயிரத்தில் ஒராங்குட்டானையும், தங்கத்தில் கொமோடோ உடும்பையும் போட்டது. ஜாவாப் புலி அழிந்துவிட்டதாகப் பிறகு அறிவிக்கப்பட்டது.

வல்லூறு பிழைத்தது. கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு உயிரியலாளர் 1979-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்க வைத்தார். முட்டையை இழந்த தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிட்டது. இப்படி ஒரே பருவத்தில் இரண்டு ஈடு குஞ்சுகள் கிடைத்தன. வளர்த்துக் காட்டில் விட்டார்கள். 1990-களில் எண்ணிக்கை சில நூறுகளைத் தொட்டது. இன்றும் அது ஆபத்தில் உள்ள இனம்தான். ஆனால் பறக்கிறது. ஐம்பது ரூபாய் வெள்ளியைக் கையில் எடுப்பவர் இதையும் தெரிந்து எடுத்தால், அந்த முப்பத்தைந்து கிராமின் கனம் வேறு மாதிரி இருக்கும்.

முப்பத்தைந்து கிராம் என்றது பாலிஷ் வகையின் எடை. சேகரிப்பாளர்கள் அதை ‘புரூஃப்’ என்பார்கள். அச்சையே மெருகேற்றி, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடித்தது. பின்புலம் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும், உருவம் மட்டும் மங்கல் வெண்மையாக எழும்பி நிற்கும். அந்த வகை 925 தரம். அதே படத்தோடு சாதாரண அடியும் உண்டு. அது 500 தரம், அதாவது பாதிதான் வெள்ளி. படம், ஆண்டு, நாடு எல்லாம் ஒன்றே. உள்ளே இருக்கும் வெள்ளியோ ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. எந்த வகை, எத்தனை கிராம் என்று கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

மொரிஷியஸைப் பற்றி இன்னும் ஒன்று. அதன் பழைய வெள்ளி அரை ரூபாயில், 1934-இல் வந்ததில், ஒரு கலைமான் இருக்கிறது. அழகான காசு. ஆனால் அந்த மான் தீவின் பிறவி அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. தீவின் சொந்தப் பறவையான டோடோவோ அதே நூற்றாண்டில் அழிந்தது. விடுதலைக்குப் பிறகு, 1971-இல் வந்த பத்து ரூபாயில்தான் டோடோவுக்கு இடம் கிடைத்தது.

அழிந்த பறவை சட்டைப்பைக்கு வந்த கதை

நியூசிலாந்து 1933-இல் முதன்முதலாகச் சொந்த நாணயம் அடித்தது. ஆறு பென்ஸில் ஹூயியா என்ற பறவை. இரண்டு ஷில்லிங்கில் கிவி. இரண்டுமே 500 தரம். சேகரிப்பாளருக்காக அடித்தவை அல்ல இவை, ரொட்டிக்கடையிலும் டிராம் வண்டியிலும் புழங்கியவை. ஆறு பென்ஸின் எடை 2.83 கிராம். அதில் வெள்ளி ஒன்றரை கிராமுக்கும் குறைவு.

அந்த ஆறு பென்ஸ் வருவதற்கு முன்பே ஹூயியா போய்விட்டது. உறுதியாகக் கடைசியாகப் பார்த்தது 1907-இல். கறுத்த உடல், நுனியில் வெள்ளைப் பட்டை கொண்ட வால். அந்த வால் இறகு மாவோரித் தலைவர்களின் தலையில் மட்டும் ஏறிய மரியாதை. 1901-இல் யார்க் கோமகன் அங்கே வந்தபோது அவர் தொப்பியில் ஒரு இறகைச் செருகினார்கள். படத்தைப் பார்த்த சீமான்களும் சீமாட்டிகளும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். காடு ஏற்கெனவே அழிந்துகொண்டிருந்தது, எலியும் பூனையும் ஏற்கெனவே வந்திருந்தன. இறகு வியாபாரம் மிச்சத்தை முடித்தது. ஆண் பறவைக்குக் குட்டையான தடித்த அலகு, பெண்ணுக்கு நீண்டு வளைந்த அலகு. காசில் இருப்பது பெண் பறவை என்பதை அலகைப் பார்த்தாலே சொல்லலாம்.

தீவு விலங்கு நாணயம் சேகரிக்க ஆசைப்படுபவர் எதில் தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சின்னக் காசு, தேய்ந்த காசு, அதிக விலை போகாத காசு. 1946 வரையிலான ஆண்டாக இருக்க வேண்டும். 1947 முதல் வெள்ளியை விட்டுச் செம்பு-நிக்கலுக்கு மாறிவிட்டார்கள்.

நாடு மாறிய ஆமை

இப்போது வீடுகளுக்கு வரும் காசுகள் பெரும்பாலும் வேறு ரகம். ஒரு ட்ராய் அவுன்ஸ், 999 தரம். ஒரு ட்ராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், நம் கணக்கில் நாலு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆஸ்திரேலியாவின் பெர்த் மிண்ட் 1990 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் குக்கபுரா இதில் மூத்தவற்றுள் ஒன்று. படம் ஒவ்வோர் ஆண்டும் மாறும். அதனால் வரிசையாகச் சேர்ப்பவர்கள் உண்டு. கோவாலா 2007-இல் சேர்ந்தது. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்தச் சிரிக்கும் குக்கபுரா 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை. கண்டத்தின் சொந்தக்காரன், அந்த மாநிலத்துக்கு வந்தேறி.

பிஜித் தீவின் காசு ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றி அனுப்பிய தீவு அது. 2010-இல் பிஜியின் பெயரில் ‘டாக்கு’ என்ற ஒரு அவுன்ஸ் வெள்ளி வந்தது. அதில் இருப்பது அழுங்காமை. நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கும் அதே இனம். அழகான ஓட்டுக்காகவே காலங்காலமாகக் கொல்லப்பட்ட பிராணி. அந்தக் காசை அடித்தது பிஜி அல்ல, நியூசிலாந்து மிண்ட் என்ற ஆக்லாந்துத் தனியார் நிறுவனம். சில ஆண்டுகள் ஓடியது. 2014 முதல் அதே ஆமை, கிட்டத்தட்ட அதே காசு, நியுவே என்ற வேறொரு தீவின் பெயரில் வரத் தொடங்கியது.

நியுவே இரண்டாயிரம் பேர்கூட இல்லாத தீவு. அன்றாடம் புழங்குவது நியூசிலாந்து டாலர். ஆனால் அதன் பெயரில் உலகம் முழுவதும் அச்சகங்கள் நாணயம் அடிக்கின்றன. ஆமை, ஆந்தை முதல் திரைப்பட, கார்ட்டூன் பாத்திரங்கள் வரை எல்லாம் வரும். துவாலு, குக் தீவுகள், டொக்கெலாவ் பெயரிலும் இப்படித்தான். சின்னத் தீவுக்கு உரிமத் தொகை கிடைக்கிறது, அச்சகத்துக்கு ‘அரசு நாணயம்’ என்ற தகுதி கிடைக்கிறது. இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. வெள்ளியும் சுத்த வெள்ளிதான். ஆனால் மொரிஷியஸ் தன் கடைசி நான்கு வல்லூறுகளைக் காசில் போட்டதும், ஓர் அச்சகம் விற்பனைக்குத் தோதான விலங்கைத் தேர்ந்தெடுத்து ஒரு தீவின் பெயரை அதன்மேல் போடுவதும் ஒன்றல்ல. முதலாவதில் ஒரு நாடு தன்னைப் பற்றிப் பேசுகிறது. சேகரிக்கும்போது எனக்கு அதுதான் வேண்டும். உங்களுக்குப் படம் மட்டும் பிடித்திருந்தால் இரண்டாவதையும் வாங்கலாம். எது எது என்று தெரிந்து வாங்குங்கள்.

மூன்று விலை

இனி அந்த மூன்று கேள்விகள். இது செல்லுமா? வெளியிட்ட நாட்டில் சட்டப்படி செல்லும், காசில் எழுதிய தொகைக்கு மட்டும். குக்கபுராவில் ஒரு டாலர் என்று இருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளி அதைப் போலப் பல மடங்கு பெறும். அதனால் யாரும் கொடுத்துச் செலவழிப்பதில்லை. தாம்பரத்தில் அது பணமே அல்ல.

உருக்கினால் எவ்வளவு தேறும் என்பது எளிய கணக்கு. எடையைத் தரத்தால் பெருக்குங்கள். 31.1 கிராம் 999 என்றால் அப்படியே 31 கிராம் சுத்த வெள்ளி. 28.28 கிராம் 925 என்றால் 26 கிராமுக்குச் சற்று மேல். அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோக விலை வரும். நகைக்கடைக்காரர் ‘டச்’, அதாவது தரம், பார்த்து, உருக்குச் சேதாரம் கழித்துத்தான் தருவார். பழக்கமில்லாத வெளிநாட்டுக் காசு என்றால் இன்னும் தயங்குவார். அதில் நம் ஊர் ஹால்மார்க் இருக்காது. வெள்ளிக்கு எண்ணோடு கூடிய ஹால்மார்க் இந்தியாவில் 2025 செப்டம்பரில்தான், அதுவும் விருப்பத்தின் பேரில், தொடங்கியது. வெளிநாட்டு அரசு நாணயத்துக்கு அந்த நாட்டு அச்சகத்தின் பெயரும் காசில் பொறித்த தரமுமே அத்தாட்சி.

மூன்றாவது, சேகரிப்பு விலை. அது இன்னொரு சேகரிப்பாளர் தரத் தயாராக இருக்கும் தொகை. எத்தனை அடித்தார்கள், எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. புதிதாக வாங்கும்போது வெள்ளி விலைக்கு மேல் அச்சுக் கூலி, கடைக்காரர் லாபம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும். மறுநாளே விற்றால் அந்த மேல்தொகை பெரும்பாலும் திரும்பாது. வெள்ளி விலை ஏறினால் காசின் விலையும் ஏறும். ஆனால் வெள்ளி விலை ஏறும் என்று நம்பி வாங்குபவருக்குச் சாதாரண வெள்ளிக் கட்டியே போதும், அதில் கூலி குறைவு. பறவைக்காகக் கொடுக்கும் அதிகப் பணத்தை முதலீடாக எண்ணாமல் ஆசைக்கான செலவாக எண்ணிக்கொள்வதே சரி. “எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது, சீக்கிரம் வாங்குங்கள்” என்று விற்பவர் அவசரப்படுத்தும் காசில் நான் பணம் போட மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு ஒரு சொல். ஆபரணம் அல்லாத வெள்ளி, அதாவது காசும் கட்டியும், பயணிகளுக்கான வரியில்லா வரம்பில் சேராது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது சுங்கத்தில் சொல்லிவிடுவது நல்லது. தபாலில் வந்தாலும் வரி உண்டு. ரசீதைக் காசோடு அனுப்பச் சொல்லுங்கள்.

வெள்ளிதானா என்று பார்க்க

பல்லாவரம் பழைய டிரங்க் சாலையில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது. செடி, புறா, பழைய மோட்டார், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே தரையில் விரித்த துணியில் பழைய காசும் இருக்கும். பார்க்க வேண்டிய சந்தை. ஆனால் அங்கே ராமர் பட்டாபிஷேகம் பொறித்து, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1818 என்றும் எழுதிய காசுகளை யாராவது கட்டாயம் காட்டுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை ஒருபோதும் அடித்ததில்லை. அவை பிற்காலக் கற்பனை. வெளிநாட்டு விலங்குக் காசுகளிலும் வெள்ளி முலாம் பூசிய போலிகள் உலகெங்கும் சுற்றுகின்றன.

முதலில் எடையும் குறுக்களவும். உண்மையான காசின் எடையும் அளவும் அச்சக வெளியீடுகளிலும் நாணயப் பட்டியல்களிலும் கிடைக்கும். அரை கிராம் வித்தியாசம் என்றாலே சந்தேகப்படலாம். அடுத்து காந்தம். வெள்ளி ஒட்டாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது, ஆகவே ஒட்டினால் போலி என்று சொல்லலாம், ஒட்டாவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது. வலுவான சின்னக் காந்தம் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. காசைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் காந்தத்தை விடுங்கள். சுத்த வெள்ளியில் அது சறுக்கி விழாமல், யாரோ பிடித்து இழுப்பதுபோல மெதுவாக இறங்கும்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. கூடு இல்லாத பழைய காசுக்கு மட்டும் இது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும். முதலில் காசைத் தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின்மேல் ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் வைத்து, எண்ணைச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுதாக இறக்கிப் பிடியுங்கள். தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். சுத்த வெள்ளி 10.49. ஆகவே 31.1 கிராம் காசுக்குத் தராசு 2.96 பக்கம் நிற்க வேண்டும். 3.5-ஐத் தொட்டால் உள்ளே செம்பு. அதையும் தாண்டினால் ஜெர்மன் சில்வர் வகை, அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. முடிந்ததும் மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது.

கூட்டில் அடைத்து வந்த புரூஃப் காசை எக்காரணம் கொண்டும் வெளியே எடுத்து இதைச் செய்ய வேண்டாம். தண்ணீர்க் கறை ஒன்று போதும், விலை பாதியாகிவிடும்.

திருநீறு வேண்டாம்

நம் வீடுகளில் வெள்ளி விளக்கு கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்போம். பல்பொடியும் புளியும்கூடக் கை கொடுக்கும். பூஜைப் பாத்திரத்துக்கு அது சரி. சேகரிப்பு நாணயத்துக்கு அதைப் போல நாசம் வேறில்லை. திருநீற்றின் நுண்துகள் ஒவ்வொன்றும் காசின்மேல் கோடு கிழிக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரே திசையில் ஓடும் ஆயிரம் கீறல்கள் தெரியும். தேய்த்த காசு என்று ஒதுக்கிவிடுவார். பிறகு அதற்கு உலோக விலை மட்டும்தான். பழைய காசின் இயல்பான கருமையைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவார்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கறுப்பது துரு அல்ல. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள், முக்கியமாக ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய சல்பைடு படலம் உண்டாகிறது. ஈரப்பதம் அதை விரைவாக்கும். தென்சென்னைப் புறநகரில் இரண்டுக்கும் குறைவில்லை. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் ஆலையால். பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழில் பல தலைமுறையாக உண்டு. தோலிலிருந்து மயிரை நீக்கச் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்த அழுகிய முட்டை வாடைதான் ஹைட்ரஜன் சல்பைடு. சதுப்பு நிலச் சேற்றிலும் தேங்கிய சாக்கடையிலும் எழும் வாடையும் அதுவே. மூக்குக்குத் தெரியும் அளவு இருந்தால் வெள்ளிக்கு நிச்சயம் தெரியும்.

அதனால் காற்றுப் புகாமல் வைப்பதே முதல் வேலை. மூடிய அக்ரிலிக் கூடு, அதை ஜிப் வைத்த பாலித்தீன் உறைக்குள், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரிலேயே கந்தகம் உண்டு. செய்தித்தாளில் சுற்றாதீர்கள். மலிவான, பிசுபிசுக்கும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை இன்னும் மோசம். சில ஆண்டுகளில் காசின்மேல் பச்சைப் பசை படியும், கீழே உலோகத்தை அரிக்கும். காசைத் தொடும்போது விளிம்பைப் பிடியுங்கள். கட்டைவிரல் ரேகை வல்லூறின் நெஞ்சில் ஒரு முறை பதிந்தால், வியர்வை உப்பு அதை அங்கேயே நிறுத்திவிடும்.

999 தரக் காசுகளில் சில சமயம் பால் தெளித்ததுபோல வெண்புள்ளிகள் வரும். அது அச்சகத்திலிருந்தே வருவது என்கிறார்கள், பெரிய அச்சகங்களின் காசுகளிலும் உண்டு. உங்கள் தவறல்ல. துடைத்தால் போகாது, விட்டுவிடுங்கள்.

கையருகே இருப்பவை

வெள்ளி இல்லாமலும் தொடங்கலாம். வீட்டு டப்பாவில் பழைய இருபத்தைந்து பைசா கிடக்கலாம். 1988 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசில் காண்டாமிருகம் நிற்கும். 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன காசு அது. சிங்கப்பூர்க் காசு இருந்தால் திருப்பிப் பாருங்கள், தமிழில் சிங்கப்பூர் என்று இருக்கும். அந்த நாட்டின் 1967-ஆம் ஆண்டு முதல் வரிசையில் பத்துக் காசில் கடற்குதிரையும் ஐம்பதில் சிங்கமீனும் உண்டு. இலங்கையின் 2011 நோட்டு வரிசையில் ஒவ்வொரு நோட்டிலும் அந்தத் தீவின் ஒரு பறவை. இருபது ரூபாயில் இருப்பது செரண்டிப் ஆந்தை. அறிவியல் உலகுக்கு அது 2004-இல்தான் அறிமுகமானது. இவ்வளவு சிறிய, இவ்வளவு ஆராயப்பட்ட தீவில் ஒரு ஆந்தை அத்தனை காலம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது.

இந்தியாவைப் பற்றி ஒரு ஆதங்கம். புலிகள் காப்புத் திட்டத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு 2023 ஏப்ரலில் மைசூரில் ஐம்பது ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் நமக்கும் தீவுகள் உண்டு. அந்தமானுக்குக் கிழக்கே நார்கொண்டம் என்ற எரிமலைத் தீவு, ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு வகை இருவாச்சி அங்கே மட்டும் வாழ்கிறது. நிக்கோபாரில் மண்மேடு கட்டி அதன் சூட்டிலேயே முட்டையைப் பொரிக்க வைக்கும் மெகபோட் இருக்கிறது. பாக் நீரிணையில் கடல் பசு இருக்கிறது, அதற்காக 2022-இல் தமிழ்நாடு 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தது. நார்கொண்டம் இருவாச்சியை இந்திய அரசு நாணயச்சாலை ஒரு வெள்ளி நாணயத்தில் அடித்து, வரும் பணத்தில் ஒரு பங்கை அந்தத் தீவின் காட்டுக்குக் கொடுத்தால், வரிசையில் முதலில் நிற்க நான் தயார். மொரிஷியஸ் அரை நூற்றாண்டுக்கு முன் செய்து காட்டிய வேலைதான் இது.

வாங்கிய காசு ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். நாடு, ஆண்டு, தரம், எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை, காசில் இருக்கும் உயிரின் பெயர். பென்சிலால் எழுதுங்கள், மை கசியும். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும், பிறகு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1933-இன் ஹூயியா 2033-இல் அந்த எல்லையைத் தொடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குத்தான் அந்தக் காசு என்று முடிவு செய்திருந்தால், அதற்குள் கொடுத்துவிடுங்கள்.